பொருள் தெரிந்தால் போதுமா?

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு முயன்ற சென்னை மாணவர்களுக்கு ஒரு காலத்தில் 'பேரன்ஸ்' புத்தகம்தான் வேதம். அதன் பட்டியலில் 3500 ஆங்கிலச் சொற்கள். தி. நகரிலும் அடையாறிலும் பிள்ளைகள் அட்டையின் ஒரு பக்கம் சொல்லையும் மறுபக்கம் பொருளையும் எழுதி, பஸ்ஸில் போகும்போதுகூட உருப்போட்டார்கள். எதிர்ச்சொல் கேட்ட ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்கு அது ஓரளவு உதவவும் செய்தது. 2011 ஆகஸ்டில் அந்தக் கேள்விகளே போய்விட்டன. வாக்கியத்துக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

அட்டைக்கு வந்தது சோதனை. 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி' இரண்டுக்குமே பின்பக்கத்தில் 'காசை எளிதில் செலவழிக்காதவர்' என்று எழுதிவிடலாம். முதலாவது சிக்கனக்காரர், இரண்டாவது கஞ்சர். மாமனாரைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் மாற்றிப் போட்டால் தெரியும் சேதி!

இன்னொரு தொல்லை, சொல்லைவிட அதன் விளக்கம் கடினமாக இருப்பது. அதற்கு வழி கண்டவர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியதை நேரில் பார்த்தவர். 1935-இல் வெளிவந்த அவருடைய அகராதி, வெறும் 1490 எளிய சொற்களைக் கொண்டே சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. 1987-இல் வந்த 'கோபில்ட்' அகராதி ஒரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. ஒரு சொல்லை யாரைப் பற்றி, எந்த இடத்தில் சொல்வார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். கற்பவருக்கு வேண்டியது இத்தகைய அகராதிதான், தலையணை கனத்தில் பெரிய அகராதி அல்ல.

அகராதி கையில் இருந்தால், புதிய சொற்களைத் தெரிந்த கதை ஒன்றில் சந்திக்கலாம். அதற்கு மயிலாப்பூருக்கு வருவோம். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. 'வெள்ளி நாக்கு' என்று ஆங்கிலேயரே புகழ்ந்த பேச்சாளர். 1944-இல் மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியில் ராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் முப்பது சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை நூலாகவும் வந்தன. கதை நமக்குத் தெரிந்ததுதான். கைகேயி வரம் கேட்கும் இடத்தில் புதிய சொல் ஒன்று வந்தால், பாதிப் பொருள் தானே பிடிபட்டுவிடும். மீதிக்கு அகராதியைப் புரட்டினால் போதும். நூலகத்தில் அந்தப் புத்தகம் கிடைத்தால், ஒரே ஒரு சொற்பொழிவையாவது அப்படிப் படித்துப் பாருங்கள்.