திடலுக்கு வந்தவர் நம் வீட்டுக்கு வந்தவர்



விளையாட்டு நிகழ்ச்சிகளை நடத்துவதே என் தொழில். ஆட்டக்காரர்களின் பெருமையைப் பேச இந்த மேடையில் அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஆட்டம் பார்க்க வருகிறவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெயிலில் நின்று, பிள்ளையைத் தோளில் தூக்கி, தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுப் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போகிறார்களே, அவர்களைப் பற்றி.

மலாக்கா மண்ணில் நிற்கிறேன். மலாக்கா கதையிலிருந்தே தொடங்குகிறேன். செஜாரா மெலாயு எனும் பழைய மலாய் வரலாற்று நூல் சொல்லும் நிகழ்ச்சி இது. சுல்தான் மன்சூர் ஷாவின் மகன் ராஜா முகமது குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் பெண்டஹாரா எனும் முதலமைச்சர் துன் பேராக்கின் மகன் துன் பெசார் நண்பர்களோடு செப்பாக் ராகா ஆடிக்கொண்டிருக்கிறார். எகிறிய பிரம்புப் பந்து இளவரசரின் தலைப்பாகையைத் தட்டிவிடுகிறது. இளவரசர் அந்த இடத்திலேயே துன் பெசாரைக் குத்திக் கொல்கிறார். மகனை இழந்த பெண்டஹாரா, ஆயுதம் எடுத்த தம் ஆட்களைத் தடுத்து நிறுத்துகிறார். ஆனால் இந்த இளவரசர் நமக்கு அரசராகக் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறார். ராஜா முகமது பகாங்கிற்கு அனுப்பப்படுகிறார். ஓர் ஆட்டம் அரச வம்சத்தின் போக்கையே திருப்பிவிட்டது.

ஆணவம் ஓர் உயிரைக் குடித்த கதை என்றுதான் எல்லாரும் இதைப் படிப்பார்கள். என் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. ஆட்டம் எங்கே முடிகிறது, வழி எங்கே தொடங்குகிறது என்று அங்கே யாரும் கோடு போடவில்லை. விளையாட்டு என்றால் ஆடுகிறவர் மட்டும் இல்லை; ஓரத்தில் நிற்பவரும் கடந்து போகிறவரும் அதற்குள்தான் இருக்கிறார்கள். அந்த ஓரத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் போன்றவர்களின் வேலை.

பெரிய அரங்கங்களில் கோட்டுக்கு அருகே பளிச்சென்ற மேற்சட்டை அணிந்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் திடலுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்பார்கள். கோல் விழுந்தால்கூடத் திரும்பக் கூடாது என்பதுதான் அவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். இங்கே குருபோங்கில் இருக்கிற ஹாங் ஜெபாட் அரங்கத்தை எண்ணிப் பாருங்கள். 40,000 பேர் அமரக்கூடிய இடம். 2010-இல் மலாக்கா சுக்மா எனும் மலேசிய விளையாட்டுப் போட்டிகளை ஏற்று நடத்தியபோது அதுவே முதன்மை அரங்கம். அத்தனை பேர் வருவது மூன்று மணி நேரத்தில் சிறிது சிறிதாக நடக்கும். போவதோ ஒரே விசிலுக்குப் பிறகு. வாசலில் வரவேற்பதைவிட வாசலில் வழியனுப்புவது கடினம் என்பதை இந்தத் தொழில்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இதை அலட்சியம் செய்த இடங்களில் நடந்ததை நாம் அறிவோம். 1971-இல் ஸ்காட்லாந்தின் ஐப்ராக்ஸ் அரங்கத்தில் ஆட்டம் முடிந்து இறங்கும் படிக்கட்டில் நெரிபட்டு 66 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகே, 1973-இல், பிரிட்டனில் அரங்கப் பாதுகாப்புக்கென ஒரு வழிகாட்டி நூல் பிறந்தது. பார்வையாளர் எட்டு நிமிடத்துக்குள் இருக்கைப் பகுதியை விட்டு வெளியேற வழி இருக்க வேண்டும் என்ற கணக்கை அந்த நூல் சொல்கிறது. ஆனாலும் 2022 அக்டோபர் 1 அன்று, நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவில், மாலாங் மாவட்டத்துக் கஞ்சுருஹான் அரங்கத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப்பட்டது. மக்கள் குறுகிய வாசல்களை நோக்கி ஓடினார்கள். 135 பேர் திரும்பி வரவில்லை. அரங்கத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபிஃபா விதியே இருக்கிறது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்க வாசலில் வெற்றிவிழாவுக்குப் போன 11 பேர் இறந்தார்கள். அங்கே ஆட்டம்கூட நடக்கவில்லை. தங்கள் அணி வென்ற மகிழ்ச்சியைக் கண்ணால் பார்க்கப் போன பிள்ளைகள் அவர்கள்.

ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால், மனிதர் தம் விருப்பப்படி கால் எடுத்து வைக்க முடியாது. கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போக முடியும். இப்படி இறப்பவர்களில் மிகப் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிச் சாகிறார்கள். ஆகவே மக்கள் கட்டுப்பாடில்லாமல் ஓடினார்கள் என்று யாராவது சொன்னால், வாசல் எத்தனை அடி அகலம், அது திறந்திருந்ததா என்று திருப்பிக் கேளுங்கள்.

உயிரோடு வீடு திரும்புவது அடிப்படை உரிமை. ஆனால் மக்கள் அதற்காகவா திடலுக்கு வருகிறார்கள்? எதற்காக வருகிறார்கள் என்பதை நம் தோட்டங்களைப் போல் எனக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் வேறு இல்லை.

டைமண்ட் ஜூப்ளி, புக்கிட் லிந்தாங், கெமெண்டோர், தெபோங், சுங்கை பாரு. இந்தப் பெயர்களைச் சொல்லும்போதே இங்கே சில முகங்கள் மலர்வதைப் பார்க்கிறேன். கோவில், பள்ளிக்கூடம், திடல், இந்த மூன்றும்தான் தோட்டத்தில் நம்முடையவை. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, பகல் முழுக்கப் பால்மரம். மாலையில் பந்து உதைக்கும் சத்தம் கேட்டால் லயத்துக் குடியிருப்பே திடலுக்கு வந்துவிடும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்து மக்கள் நகரத்துத் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். பிள்ளைகள் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். தோட்டம் வரைபடத்தில் பெயராக மட்டும் மிஞ்சியது.

ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் அந்தத் தோட்டம் மறுபடி கூடுகிறது. எங்கே? முன்னாள் தோட்ட மக்கள் நடத்தும் காற்பந்துத் திடலில்! அப்படி ஒரு போட்டியில் ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். அவர் ஓர் ஆட்டமும் பார்க்கவில்லை. கூடாரம் கூடாரமாகப் போய், "ஏம்ப்பா, நீ மேட்டு லயத்துப் பிள்ளையா? உங்க பாட்டி பேரு என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்தப் போட்டியின் இறுதி ஆட்டம் எது? தன்னுடன் பால்மரம் வெட்டிய தோழியின் பேரனைக் கண்டுபிடித்த அந்த நேரம்தான்! அவர் உட்கார ஒரு நாற்காலியும், தலைக்கு மேல் நிழலும், போய்வரத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் இல்லையென்றால், அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் அந்தத் தோட்டத்தின் நினைவில் பாதி வராது. பார்வையாளரைப் பார்த்துக்கொள்வதை நான் கேளிக்கை வேலையாக ஏன் நினைப்பதில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

நம் வீரர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன ஓட்டக்காரர் ராஜாமணி, 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் ஓட்டத்தில் தங்கம் குவித்த டாக்டர் ஜெகதீசன், நீண்ட கைகளால் ஸ்பைடர்மேன் என்று பெயரெடுத்த கோல்காவலர் ஆறுமுகம். 1980-இல் ஆறுமுகம் கோல் காத்த தேசிய அணிக்குத் தலைவர், நம் அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன். 2010-இல் மலேசியா முதன்முறையாக ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநர் ராஜகோபால். இவர்கள் பெயரை நாட்டின் பெயராக்கியவர்கள் யார்? திடலோரத்தில் நின்றவர்களும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்களும்தான். அணிகள்கூட வரும், போகும். 2016-இல் மலேசிய பிரிமியர் லீக் பட்டம் வென்ற மலாக்கா யுனைடெட், 2023 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் லீக்கை விட்டே போனது. அணி போன பிறகும் பச்சைச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்திருக்கும் ரசிகர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள்.

கூட்டத்தைப் பேணும் அறிவு நமக்குப் புதிதும் இல்லை. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளித் தேர் நகரத்திலிருந்து புறப்படுகிறது. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல். மோர் கொடுப்பவர் யாரிடமும் சீட்டு கேட்பதில்லை. இன்னார் இனத்தவர் என்று பார்ப்பதில்லை. முதியவர் வந்தால் கூட்டமே வழிவிடுகிறது. கோவில் வீதியில் இருக்கும் இந்தப் பண்பு, கோல்கம்பம் நட்ட திடலுக்கு மட்டும் ஏன் வரக்கூடாது?

ஆகவே அன்பர்களே, சில கோரிக்கைகளை வைக்கிறேன். போட்டி நடத்தும் அண்ணன்மார்களே, ஒன்பது மணி என்று நோட்டீஸ் அடித்தால் ஒன்பது மணிக்கே விசில் ஊதுங்கள். பிரமுகருக்காகக் குழந்தைகளை வெயிலில் நிறுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிளைக்கூட விடாதீர்கள். பெண்களுக்கான கழிப்பறையைக் கணக்கின் முதல் வரியில் எழுதுங்கள். பழைய தோட்டத்தின் லய வரைபடத்தைப் பெரிதாக வரைந்து வாசலில் மாட்டி, வருகிறவர் தத்தம் வீட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள். அறிவிப்பாளரே, கடைசியாக ஓடிவரும் பிள்ளையின் பெயரையும் பிழையின்றிச் சொல்லுங்கள்.

தலைமையாசிரியர்களே, மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஓடத் தெரியாத பிள்ளைக்கும் விளையாட்டு தினத்தில் ஒரு பொறுப்பு கொடுங்கள். நேரம் குறிக்கட்டும், விருந்தினரை அழைத்துவரட்டும், ஒலிவாங்கியில் பேசட்டும். இளைஞர்களே, விளையாட்டு நிகழ்ச்சி நடத்துவது பட்டம் பெற்றுச் செய்யும் தொழில், மதிப்பான தொழில். ஆடுகிறவர் பதினொருவர் என்றால், அந்த ஆட்டத்தை நடத்த நூறு பேர் வேண்டும். அந்த நூறு பேரில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும்!

கோப்பையின் உயரத்தில் ஓர் அடியைக் குறையுங்கள். அந்தப் பணத்தில் நிழலும் தண்ணீரும் நாற்காலியும் வாங்குங்கள். அடுத்த போட்டிக்கான குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதுங்கள். எழுதும் குழு எதுவானாலும், அதற்கு என் உழைப்பைக் கூலியில்லாமல் தரக் காத்திருக்கிறேன்.