மிளகாய் மட்டும்தான் குற்றவாளியா?

காலையில் ரொட்டி சானாய், பருப்புக் கறி, ஒரு கிளாஸ் தே தாரேக். பசியாறிவிட்டு வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் வயிறு உப்பி, வலி பிடித்து, கழிவறையைத் தேட வேண்டியிருக்கிறது. வேறு சிலருக்கோ நாள் கணக்கில் மலச்சிக்கல். கிளினிக்கில் சோதித்தால், 'ஒன்றுமில்லை' என்ற பதில்தான் வருகிறது. வீட்டிலோ, 'எல்லாம் மனப்பிரமை' என்கிறார்கள். கல்யாண விருந்துக்குப் போகவே பயந்து ஒதுங்கியவர்கள் உண்டு.

இது ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயாக இருக்கலாம். குடலில் புண் இருக்காது. ஆனால், குடல் நரம்புகள் சிறு உப்பலைக்கூடப் பெரிய வலியாக உணர்கின்றன. ஆகவே வலி பொய்யல்ல. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, இரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை ஆகியவை இருந்தால் உணவை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தக்கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் முதலில் பழி போடுவது மிளகாய் மீது. காரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதுதான். ஆனால் தாளிப்பில் கிடக்கும் வெங்காயத்தையும் பூண்டையும் யாரும் சந்தேகிப்பதில்லை! ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் 'ஃபோட்மேப்' என்ற கருத்தை வெளியிட்டார்கள். சில வகை மாவுச்சத்துகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நீரை இழுக்கின்றன. பெருங்குடலில் நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகின்றன. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால், மாம்பழம், தர்ப்பூசணி ஆகியவை இந்த வகை. மேலே சொன்ன காலைப் பசியாறலில் பாதிப் பட்டியல் வந்துவிட்டது.

அதற்காகச் சமையல் சப்பென்று இருக்க வேண்டியதில்லை. பூண்டில் உள்ள அந்தச் சத்து நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் சமைக்கலாம். மணம் அப்படியே இருக்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி போதும். சோறு, முட்டை, மீன், கோழி தடையில்லை. மலச்சிக்கல்காரர்களுக்கு கோதுமைத் தவிட்டைவிட இசப்கோல் நல்லது.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். இந்தக் கட்டுப்பாடு 2 முதல் 6 வாரங்களுக்கு மட்டுமே. குணம் தெரிந்ததும் வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்துவிடுகிறார்கள். அது கூடாது, குடலின் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவே இந்தச் சத்துகள்தாம். உணவியல் நிபுணரின் துணையோடு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். முதல் நாள் ஒரு கரண்டி பருப்பு, மறுநாள் சற்றுக் கூடுதல், மூன்றாம் நாள் வழக்கமான அளவு. எந்த அளவில் வயிறு முரண்டு பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, வயிறு அமைதியான பிறகு அடுத்த உணவுக்குப் போக வேண்டும். பால் ஆகாதவருக்குப் பருப்பு ஒத்துக்கொள்ளலாம். பருப்பு ஆகாதவருக்கு மாம்பழம் ஒத்துக்கொள்ளலாம்.