சிறார் காதும் நம் ஊர்ச் சத்தமும்



"அமைதியைப் படிப்பிக்க ஒரு கருத்தரங்கா? கையைக் கட்டு, வாயைப் பொத்து என்றால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். அந்தக் கட்டளையில் வளர்ந்தவர்கள்தாம் நாம். வாயை மூடப் பழகினோம். உற்றுக் கேட்க யாரும் பழக்கவில்லை.

அதைப் பழக்கிய கல்வியாளர் மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர். 1944இல் இலங்கையிலும் விரிவுரை நிகழ்த்தினார். அவருடைய அமைதி விளையாட்டு, நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்புக்குத் தூக்கிவந்து, அதன் மூச்சு எவ்வளவு மெல்லியது என்று பிள்ளைகளுக்குக் காட்டியதில் பிறந்தது. பின்னர் அடுத்த அறையில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் கிசுகிசுப்பாக அழைப்பார். கதிரை தட்டுப்படாமல் பிள்ளை எழுந்து போகும். அதட்டலே இல்லை, தன் பெயர் எப்போது வரும் என்ற ஆவல்தான் அத்தனை பேரையும் அடக்கிவைத்தது.

நம் திருகோணமலையில் இதை அப்படியே எடுத்தாள முடியாது. இன்றைய ஆசிரியர்களில் பலர், போர்க்காலத்தில் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய பிள்ளைகள். அடுத்த செல் எங்கே விழும் என்று மூச்சடக்கிக் காத்திருந்ததுதான் அவர்கள் அறிந்த அமைதி. அந்தப் பயம் குரலில் கசிந்தால் நான்கு வயதுப் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். ஆகவே கதவைச் சாத்தாமல், கண்ணை மூடச் சொல்லாமல் விளையாடுங்கள் என்பேன்.

நம்மிடம் மொண்டிசோரிக்குக் கிடைக்காத ஒரு பாடம் இருக்கிறது. கோணேசர் மலையடியில் கடல் சட்டென்று ஆழம் போகிறது. அந்த ஆழத்தைத் தேடி நீலத் திமிங்கிலங்கள் வருகின்றன. உலகிலேயே மிக உரத்துக் குரலெழுப்பும் உயிரினங்களில் அவையும் சேர்த்தி. ஆனால் அக்குரலின் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வு. காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் நீரில் ஒலி ஓடுகிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் இரைச்சலும் அதே தாழ்ந்த எல்லையில் விழுவதால், திமிங்கிலத்தின் பேச்சை அது அமுக்கிவிடுகிறது. தனக்குக் கேட்காத சத்தம் இன்னொரு உயிருக்குத் தொந்தரவாகலாம் என்பதைக் கடற்கரையில் நின்றே ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். அப்புறம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது இலேசு.

இன்னொன்று. குழப்படிக்காரன் என்று பின்வரிசைக்கு அனுப்பப்படும் பிள்ளைக்குச் சில வேளை காதே சரியாகக் கேட்பதில்லை. தடிமனுக்குப் பிறகு நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்கும் திறன் கூடிக் குறையும். தண்டிக்குமுன் காதைப் பரிசோதிக்க அனுப்புங்கள்.

பிள்ளைகளைத் திருத்திவிட்டுப் பெரியவர்கள் ஒலிபெருக்கியைக் கட்டினால் என்ன பயன்? 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் பாடசாலையைச் சுற்றி 100 மீற்றரை அமைதி வலயம் என்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதியளிப்பதை உயர் நீதிமன்றம் 2007இல் கட்டுப்படுத்தியது. கோயில், பள்ளிவாசல், தேவாலய நிருவாகத்தினர் சிலரும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். முகத்தைத் திருப்ப வேண்டாம், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் அமர்வில் முன்பள்ளி ஆசிரியர்கள் ஒலிவாங்கி இல்லாமல் பேசுவார்கள். பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் தயங்காமல் கதிரையை முன்னே இழுத்துவாருங்கள்.