டாங்காத் துறையும் பாளையங்கோட்டைப் படையும்

(புளியங்குடிச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருவள்ளுவனார் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த நுட்பத்தைக் கடல்வழிப் படையிறக்கம் ஒன்றால் விளக்கப் புகுகின்றோம்.

1914-ஆம் ஆண்டு நவம்பரில், கிழக்காப்பிரிக்காவிலுள்ள டாங்காத் துறையை ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்ற, இந்தியாவினின்றும் கப்பலேறிய ஏறத்தாழ 8,000 பேர் சென்றனர். நம் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படையும் அவருள் அடக்கம். வலியிற் குறைவில்லை.

ஆயின் 2-ஆம் நாள் 'பாக்ஸ்' என்னும் போர்க்கப்பல் முன்சென்று, சரணடையுமாறு பகைவர்க்கு அறிவித்து மீண்டது. அவ்விடைவேளையில் அவர் புகைவண்டி வழியே துணைப்படை கொணர்ந்தனர், காலம் தவறிற்று. நெடுங்கடற் பயணத்தால் தளர்ந்த வீரர் 4-ஆம் நாள் அடர்ந்த தோட்டங்களினூடும் புதர்களினூடும் ஏவப்பட்டனர். அவை மறைத்தமையால் கப்பற் பீரங்கிகள் உற்ற துணையாகவில்லை, இடமும் தவறிற்று. சுமார் 1,000 பேருக்கு முன் பெரும்படை பின்வாங்கியது; எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் புண்பட்டும் வீழ்ந்தனர்.

பாளையங்கோட்டைப் படை கலைந்தோடிற்று என்பர் சரித்திரகாரர். அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின் பழி முழுவதையும் அவ்வெளிய வீரர் தலையில் ஏற்றுதல் முறையன்று. காலமும் இடமும் ஆராயாது ஏவினோர்க்கே முதற்பழி உரியது. வீட்டிலும் தொழிலிலும் பிறரை ஏவும் நிலையிலுள்ள நாம் இதனை மறவாதிருப்போமாக.