தொழிற்கண்காட்சியில் அரங்கு அமைப்போர்க்கு



பீளமேட்டின் கொடிசியா வளாகத்தை 2010 ஜூன் திங்களில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்த இடமாகவே பலரும் நினைவில் கொண்டுள்ளனர். ஆயினும், 1969இல் தோன்றிய கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கம் அதனை எழுப்பியது தொழிற்கண்காட்சிகளுக்காக. இயந்திரங்களுக்கு ‘இன்டெக்’, வேளாண்மைக்கு ‘அக்ரி இன்டெக்ஸ்’ என அங்கே நடைபெறுவனவற்றில் அரங்கு எடுக்கச் சமூகத்து இளைஞர் சிலரும் விழைகின்றனர். அவர்களை எண்ணியே இவ்வுரை.

ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ நான்கு லேத்துகளுடன் பம்புப் பட்டறை நடத்துபவர்க்கு அரங்கு எடுப்பது சிறு செலவன்று. வாடகை, மின் இணைப்பு, அலங்காரம், ஆட்கூலி, அந்நாள்களில் பட்டறையில் நின்றுபோகும் வேலை ஆகிய யாவும் சேர்ந்தால் ஒரு பருவத்து இலாபம் கரைந்துவிடும். இத்தனையும் செலவிட்டு, ‘வந்தவர் ஆயிரம் பேர், வாங்கியவர் எவருமில்லை’ என்று சலித்துத் திரும்புவோர் உண்டு. கூட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்காட்சி விற்பனைக் கடையன்று. பம்பு வாங்குபவர் ஊர் திரும்பி, கிணற்றையும் கையிருப்பையும் பார்த்த பின்னரே முடிவு செய்வார். ஆகவே அரங்கில் ஈட்ட வேண்டிய பொருள் விசாரணைகளே.

அரங்கு எடுக்க எண்ணுபவர் அதற்கு முந்தைய கண்காட்சியைப் பார்வையாளராகச் சுற்றிவருதல் நலம். எவ்வாயில் வழியே மக்கள் நுழைகின்றனர், எம்மூலையில் கால் ஓய்ந்து திரும்பிவிடுகின்றனர் என்பது வரைபடத்தில் தெரியாது. மும்முனை மின்சாரம் தேவையெனில் முன்னரே எழுதிக் கேட்க வேண்டும். மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம், தான் ஏற்கும் கண்காட்சிகளில் பங்குபெறும் குறு, சிறு நிறுவனங்கட்கு அரங்கு வாடகையில் உதவும் திட்டத்தை வைத்துள்ளது. பணம் கட்டுமுன் அதன் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும்.

புதிய அமைப்பொன்றைக் கண்டறிந்தவர், அதை மேசைமேல் வைக்குமுன் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி, முன்னரே பொதுவில் வெளிப்பட்டுவிட்ட பொருள் புதுமை இழந்ததாகக் கொள்ளப்படக்கூடும். கண்காட்சியில் காட்டியதற்கு 12 மாதச் சலுகை உண்டெனினும், மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகட்கே அது பொருந்தும். பலர் இதனை அறியாது ஏமாறுகின்றனர். காலையில் கைப்பேசியில் எடுத்த படத்தை மாலையில் வார்ப்படப் பட்டறைக்கு அனுப்பிவிடக்கூடிய ஊர் இது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரின் கைத்திறன் அத்தகையது.

அத்திறனாலேயே இங்கு வெறும் பேச்சு செல்லாது. அரங்கில் புன்னகையுடன் துண்டறிக்கை கொடுப்பவரை நிறுத்திவிட்டு உரிமையாளர் உள்ளே அமர்ந்திருப்பது வீண். பல்லடத்திலிருந்து வரும் விவசாயி, “போர் எண்ணூறு அடிங்க; ராத்திரி வோல்டேஜ் இறங்கிருதுங்க. மோட்டார் தாங்குங்களா?” என்று கேட்பார். அதற்கு விடை சொல்ல மோட்டாருக்குக் காயில் சுற்றுபவரோ, பழுது பார்ப்பவரோ அங்கு நிற்க வேண்டும். சிறு தொட்டியில் நீரைச் சுழலவிட்டு, அழுத்தமானியும் மின்னளவியும் வெளியே தெரிய ஒரு பம்பை ஓட்டிக் காட்டினால், பத்துப் பதாகைகள் சொல்லாததை அது சொல்லும்.

இன்ன ஆழத்திற்கு மேல் இந்தப் பம்பு ஏற்றதன்று என்பதையும் தயங்காது கூற வேண்டும். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெருவை விரிக்கும் இளங்கோவடிகள், வைரத்துக்குரிய குற்றங்களையும் பெயர் சொல்லி எண்ணுகிறார். குற்றம் அறிந்தோர் நிறைந்த கடைத்தெரு அது. பீளமேட்டுக் கண்காட்சியும் அத்தகையதே. எண்ணூறு அடிக்குப் பொருந்தாததைப் பொருந்தும் என்று விற்றால், மோட்டார் எரிந்த செய்தி அவ்வூர்த் தேநீர்க் கடையெங்கும் பரவிவிடும்.

இனி, பலரும் கைவிடும் பகுதி. பெயரட்டைகளை ஒரு கிண்ணத்தில் சேர்ப்பது விசாரணையைப் பதிவதாகாது. நோட்டுப் புத்தகமொன்றில் பெயர், ஊர், கிணறா போரா, ஆழம், குழாய் அளவு, ஒருமுனையா மும்முனையா, எப்போது வாங்க எண்ணம், என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்பனவற்றை அவர் எதிரிலேயே எழுத வேண்டும். அன்றிரவே அமர்ந்து, உடனே வாங்குபவர், அறுவடைக்குப் பின் வாங்குபவர், முகவராக விரும்புபவர், வேடிக்கை பார்த்தவர் எனப் பிரித்துவிட வேண்டும். மறுநாள் எந்த முகம் எவருடையது என்பது மறந்துபோகும்.

விலைப்பட்டியல் அனுப்புவதாகச் சொன்னவர்க்கு அரங்கைப் பிரித்த வாரத்திலேயே அது சென்றுசேர வேண்டும். பட்டறையில் தேங்கிய வேலையைக் காரணம் காட்டி ஒரு மாதம் தள்ளினால், அவர் வேறு பம்பை இறக்கியிருப்பார். அறுவடைக்குப் பின் என்றவரை அறுவடைக்குப் பின்னரே அழைக்கலாம். அப்போது அவரது போரின் ஆழத்தை மீண்டும் கேளாமல், நோட்டைப் பார்த்துத் தாமே சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டும்.