கைச் சதையும் கொழுப்பு உறிஞ்சும் ஆபரேஷனும்

(கீழக்கரை தம்பதிகளுக்கான குடும்பநலப் பேச்சு)



இரண்டு பிள்ளை பெற்ற பிறகு முழங்கைக்கு மேலே சதை போட்டுவிடுகிறது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது ரவிக்கை கை ஏற மாட்டேன் என்கிறது. புருஷன் விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். அது மனசில் தைத்துவிடுகிறது. செல்போனைத் திறந்தால் விளம்பரம். "மச்சான், கைச் சதையை உறிஞ்சி எடுத்திடுறாங்களாமே, நகையை வச்சாவது பண்ணிக்கட்டுமா?" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழலாம். எழுந்தால் இருவரும் விவரம் தெரிந்து பேச வேண்டும்.

எவ்வளவு கொழுப்பு எடுப்பார்கள்? கிலோ கிலோவாகக் குறையும் என்று பலர் நினைக்கிறாங்க. அப்படியில்லை. ஒரு கைக்குச் சுமாராக 200 முதல் 500 மில்லி, அதாவது ஒரு டம்ளரிலிருந்து இரண்டரை டம்ளர். ஆளைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்யும். இரண்டு கையிலும் சேர்த்து 800 மில்லி எடுத்தாலும் எடை முக்கால் கிலோகூட வராது. அதிலும் எல்லாம் கொழுப்பு இல்லை. முதலில் உப்புநீரில் மரப்பு மருந்து கலந்து தோலுக்கு அடியில் ஏற்றுகிறார்கள். பிறகு முழங்கை, அக்குள் பக்கம் சின்னதாகக் கீறி, மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சுகிறார்கள். ஏற்றிய நீரிலும் கொஞ்சம் கூடவே வெளியே வரும்.

இன்னும் கொஞ்சம் எடுங்க டாக்டர் என்று கேட்கக் கூடாது. தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய கொழுப்புப் படலத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். அதையும் எடுத்தால் கை மேடும் பள்ளமுமாகிவிடும். தோல் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் கொழுப்பு போன பிறகு வெறும் பை மாதிரி தொங்கும். அதற்குத் தோலை வெட்டித் தைக்கிற வேறு ஆபரேஷன். அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு நிற்கும். விளம்பரத்தில் இந்தத் தழும்பைக் காட்ட மாட்டார்கள்!

இறுக்கமான கையுறையைச் சில வாரங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். வீக்கம் முழுதும் வடிய மாதக்கணக்காகும். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுக்கிறவர்களும் இதைச் செய்துகொள்ளக் கூடாது.

சர்க்கரை குறையுமா, பிரஷர் குறையுமா என்றும் கேட்கிறாங்க. அமெரிக்காவில் 15 பருத்த பெண்களுக்கு வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை எடுத்துப் பார்த்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்த அழுத்தமும் குறையவில்லை, இன்சுலின் வேலை செய்யும் விதமும் மாறவில்லை. பத்துக் கிலோவுக்கே இந்தக் கதை என்றால் இரண்டு டம்ளருக்கு என்ன சொல்வது? 2011-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில், தொடையிலும் அடிவயிற்றிலும் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு ஒரு வருஷத்துக்குள் உடம்பின் மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்கே வந்துவிட்டது. எடுத்த தொடைக்குத் திரும்பவில்லை, மேல்வயிற்றில் ஏறிக்கொண்டது.

இன்னொன்று. கருத்தடை ஆபரேஷன் செய்ததால்தான் சதை போட்டது என்று சில தாய்மார்கள் சொல்வதுண்டு. அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும் அடைக்கிறோம். சினைப்பை எப்போதும்போல வேலை செய்கிறது. பழியை அதன்மேல் போடாதீங்க. வயதும், பிள்ளைப்பேறும், நெய்ச்சோறும் தொதலும்தான் பெரும்பாலும் காரணம்.

ஆபத்து உண்டா? உண்டு. நுரையீரலில் ரத்தக்கட்டியோ கொழுப்போ போய் அடைக்கலாம். மரப்பு மருந்து அளவு மீறினால் இதயம் பாதிக்கும். கையில் மட்டும் செய்வதில் ஆபத்து குறைவு. விளம்பரக்காரர் கையோடு வயிறு, தொடை என்று சேர்க்கச் சேர்க்க ஏறும். ஒரே தடவையில் எல்லாம் சேர்த்து 5 லிட்டருக்குமேல் உறிஞ்சுவதைப் பெரிய அளவு என்று டாக்டர்கள் தனியாக எச்சரிக்கிறார்கள். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார். வயது 21தான்.

இவ்வளவுக்கும் பிறகு செய்துகொள்ள வேண்டும் என்றே தோன்றினால் அது தப்பில்லை. உங்கள் உடம்பு, உங்கள் விருப்பம். ஆனால் அழகு நிலையத்தில் வேண்டாம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவரா, மயக்க மருந்து டாக்டர் உண்டா, 1997-ஆம் வருஷச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பாருங்க. அபிப்பிராயம் கேட்க மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. நகையை அடகு வைப்பதற்கு முன்னாடியே போய்க் கேளுங்க. அழகுக்காகச் செய்வதற்குக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது.

ஒரு கை மட்டும் பருத்திருந்தால், அதிலும் மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால், அதைச் சதை என்று விட்டுவிடாதீங்க. கொழுப்பு பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒன்றுபோலத்தான் போடும். தாமதிக்காமல் கீழக்கரை அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்க. கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். புருஷனும் கூட வாங்க.