அமிழ்தலும் அமிழ்த்துதலும்: மாதிரி நீர்மூழ்கி வழியாக ஒரு மொழிப் பயிற்சி



மொழி வளர்ச்சிக்கென அமைந்த இம்மேடையில், வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி நீர்மூழ்கியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. தமிழ் ஒரு மொழிப்பாடமாக நிற்கிறது. ஆதலால், ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தமிழில் விளக்க வேண்டிய தேவை மாணவர்க்கு அரிதாகவே நேர்கிறது. தேவை எழாத துறையில் மொழி சுருங்கிவிடும். திருவிழாவையும் குடும்பத்தையும் பற்றி மட்டுமே தமிழில் எழுதிப் பழகியவர்க்கு, காரணத்தையும் காரியத்தையும் தமிழில் தொடுத்துக் காட்டுவது நாளடைவில் கடினமாகும். அத்தகைய விளக்கத்திற்கு ஏற்ற பொருள் ஒன்றையே இன்று எடுத்துக்கொண்டுள்ளேன்.

நிக்கோலா டெஸ்லா 1898ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில், வானொலி அலையால் கட்டுப்படுத்தப்பட்ட சிறு படகை மக்கள்முன் இயக்கிக் காட்டினார். நீர்மேல் செல்லும் படகுக்கு இடவலத் திசை மட்டுமே போதும். நீருள் செல்லும் கலத்திற்கோ மேல், கீழ் என்னும் திசைகளும் வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நீரில் உள்ள பொருள், தான் விலக்கும் நீரின் எடைக்கு நிகரான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இஃது ஆர்க்கிமிடீசின் விதி. பொருளின் எடை அவ்விசையினும் குறைந்தால் அது மிதக்கும், மிகுந்தால் அமிழும். மாதிரி நீர்மூழ்கிகள் இவ்விதியை இருவேறு வழிகளில் கையாளுகின்றன. ஒருவகை, தன் தொட்டியில் நீரை ஏற்று எடை கூடித் தானே கீழிறங்கும். மற்றொரு வகை எப்போதும் மிதக்கும் எடையிலேயே இருக்கும். முன்னோக்கி விரையும்போது, கிடையாக அமைந்த சுக்கான்கள் சாய்ந்து அதனைக் கீழே அழுத்தும். முன்னது அமிழ்கிறது, பின்னது அமிழ்த்தப்படுகிறது. தன்வினை, பிறவினை என்று நாம் வகுப்பில் கற்பிக்கும் வேறுபாடு இங்கே பொறியியல் வேறுபாடாகவே நிற்பதைக் காணலாம். இரண்டாம் வகையில் மின்கலம் தீர்ந்தால் விசை நின்றுபோகும்; கலம் தானே மேலே வந்துவிடும். புதிதாகச் செய்வோர்க்கு அதுவே பாதுகாப்பானது.

அளவுகளுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் செருமனி பயன்படுத்திய 'டைப் 7 சி' நீர்மூழ்கியின் நீளம் 67.1 மீட்டர். அது நீர்மேல் 769 டன் நீரையும், மூழ்கியபோது 871 டன் நீரையும் விலக்கியது. இதனை 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் ஏறத்தாழ 93 சென்டிமீட்டர் ஆகும். எடையை 72ஆல் வகுத்தால் போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 72ஐ மும்முறை பெருக்கி வரும் 3,73,248ஆல் வகுக்க வேண்டும். அப்போது மேல்மட்ட எடை ஏறத்தாழ 2.06 கிலோகிராம், மூழ்கிய எடை 2.33 கிலோகிராம் என வரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 270 கிராம் நீரே மிதப்பையும் அமிழ்வையும் பிரிக்கிறது. ஒரு குவளை நீர் என்று கொள்ளுங்கள். வெளிக்கூட்டினுள் நீர் தாராளமாகப் புகுந்து வெளியேறுமாறு அமைத்தால், இந்த அளவு இன்னும் குறையும்.

மின்கலம், மோட்டார், வாங்கி ஆகியவை நீர்புகாத உருளையொன்றினுள் இருக்கும். அதன் இரு முனைகளிலும் ரப்பர் வளையம் பொருத்திய மூடிகள் உண்டு. 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மீது, ஒரு மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 5 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை அழுத்துகிறது. விசிறித்தண்டு வெளிவரும் துளையில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் நீர் உட்புகும்.

அடுத்தது சமன்செய்தல். இப்பணியின் உயிர்நாடி இதுவே. முதலில் தொட்டியை நிரப்பி, ஈயத்துண்டுகளையும் நுரைத்துண்டுகளையும் கூட்டிக் குறைத்து, கோபுரத்தின் நுனி மட்டும் நீர்மேல் தெரியுமாறு செய்ய வேண்டும். பிறகு தொட்டியைக் காலிசெய்து, கலம் எந்தக் கோட்டில் மிதக்கிறது என்று பார்க்க வேண்டும். அது மிகத் தாழ்ந்து மிதந்தால் புதிய நுரையைச் சேர்த்தல் கூடாது. சேர்த்தால் மூழ்கும்போதுள்ள சமநிலை கெடும். நீர்க்கோட்டிற்கு மேலே உள்ள நுரையில் ஒரு பகுதியை எடுத்து நீர்க்கோட்டிற்குக் கீழே வைத்தால் போதும். நீருக்கு மேலிருக்கும் நுரை அப்போது எதையும் தாங்குவதில்லை. கீழிருக்கும் நுரை தாங்குகிறது. மூழ்கியபின் இரண்டும் ஒரே அளவே தாங்கும். ஈயம் எப்போதும் அடியில் இருத்தல் வேண்டும். எடையின் மையம் மிதப்பின் மையத்திற்குக் கீழே அமைந்தால்தான் கலம் கவிழாது. முன்பக்கம் தாழ்ந்தால் ஈயத்தைச் சற்றே பின்னுக்கு நகர்த்த வேண்டும்.

எடையையும் மிதப்பையும் முற்றிலும் சமமாக்கிவிட்டால் கலம் நடுநீரில் அசையாது நிற்கும் என்று தோன்றும். உண்மை வேறு. சிறிது ஆழம் சென்றாலும் அழுத்தத்தால் கூடும் நுரையும் இம்மியளவு சுருங்கும், மிதப்பு குறையும், கலம் மேலும் இறங்கும். ஆகவே சிறிதளவு மிதப்பை மிச்சம் வைத்து, சுக்கான்களால் ஆழத்தைக் காப்பதே வழக்கம். நீரின் அடர்த்தியும் கணக்கில் சேர வேண்டும். 2.3 லிட்டர் நீரை விலக்கும் கலத்தை நன்னீர்க்குளத்தில் சமன்செய்து கடலில் விட்டால், ஏறத்தாழ 57 கிராம் கூடுதலாக மிதக்கும்.

இனி, கட்டளை செல்லும் வழி. இன்றைய மாதிரி வானூர்திகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. அவ்வலையை நீர் சில சென்டிமீட்டருக்குள்ளேயே உறிஞ்சிவிடும். எனவே நீர்மூழ்கிக்கு 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் வேண்டும். எது இசைவுடையது என்பதை அந்தந்த நாட்டின் விதியே முடிவு செய்யும். கடல்நீரின் உப்பு அவ்வலைகளையும் தடுத்துவிடும். அலைத்தொடர்பு அறுந்தால் தொட்டி நீரைத் தானே வெளியேற்றிக் கலத்தை மேலே கொணரும் அமைப்பு இன்றியமையாதது; அஃது இல்லையேல் பல மாத உழைப்பு குளத்தின் அடியில் கிடக்கும்.

இத்தனையையும் நான் தமிழில் கூறினேன். மோட்டார், ரப்பர் ஆகிய சொற்களை விலக்கவில்லை. சுக்கான் என்பதே அரபு மொழியிலிருந்து வந்த சொல்தான். நம் கட்டுமரமோ ஆங்கிலத்திற்குச் சென்று குடியேறிவிட்டது. கடலோடிகள் சொல்லைக் கடன் வாங்கத் தயங்கியதில்லை. மொழியின் வலிமை பெயர்ச்சொற்களைவிட வினைகளிலேயே மிகுதியாக வெளிப்படுகிறது. மித, அமிழ், மூழ்கு, ஆழ், தாழ், கவிழ், சாய் ஆகியவற்றின் நுண்ணிய வேறுபாடுகளை அறிந்தவர்க்கு இப்பொருளை விளக்கக் கலைச்சொல் பட்டியல் பெரிதாகத் தேவைப்படாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வாளி நீர், மூடியுள்ள சிறு புட்டி, சில நாணயங்கள் ஆகியவற்றை வகுப்பிற்குக் கொண்டுசெல்லுங்கள். புட்டியின் கழுத்து மட்டும் நீர்மேல் தெரியுமாறு நாணயங்களை இட்டுச் சமன்செய்யச் சொல்லுங்கள். பிறகு, தாம் செய்ததைப் பத்து வாக்கியங்களில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை மற்றொரு மாணவரிடம் கொடுத்து, அதன்படியே செய்து பார்க்கச் சொல்லுங்கள். புட்டி மூழ்கிவிட்டால், எந்த வாக்கியம் பிழைபட்டது என்று அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.